தண்ணிய வடிச்சாச்சா தம்பி?

ஏசி வாங்கப் போனா கடைக்காரர் "ஒன்றரை டன்னா, ரெண்டு டன்னா?"ன்னு கேட்பார் இல்லையா? ஊர்ல எங்க சித்தப்பா, "ஒன்றரை டன்னை மாடில ஏத்தினா தளம் தாங்குமாடா?"ன்னு நிஜமாவே கவலைப்பட்டார். சிரிக்காதீங்க. அந்த டன் எடை இல்லை. சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்துல உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அதுதான் ஏசிக்காரங்களோட ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் பெருமையா விளக்கின நான்தான், பின்னாடி எடை விஷயத்துல கோட்டை விட்டேன்.

2012. சிங்கப்பூர்ல ஒரு ஏழு மாடிக் கட்டடம். மொட்டை மாடில இருந்த பழைய கூலிங் டவரை இறக்கிட்டு புதுசை ஏத்தணும். ஞாயித்துக்கிழமை, ஒரு லேனை மதியம் 1 மணி வரைக்கும் அடைச்சுக்க அனுமதி. முந்தின வருஷம் வந்த கிரேன் விதிமுறைப்படி தூக்கறதுக்கு முன்னாடி எழுத்துல லிஃப்டிங் பிளான் இருக்கணும். சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன்னு பயிற்சி பெற்ற ஆளுங்க வேணும். பிளானைத் தயார் பண்ணினது நான். வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம், தலைக்கனம் இருபது வருஷத்துக்கு.

பழைய டவரோட எடையை கேட்லாக்ல பார்த்து 1.4 டன்னு எழுதினேன். கிரேன் 50 டன் கிரேன். அப்புறம் என்ன பயம்னு கேட்கறீங்களா? அந்த 50 டன் கிரேன் பக்கத்துலயே இருக்கற சுமைக்குத்தான். கை நீள நீள பலம் குறையும். குடத்தை இடுப்புல வச்சுக்கறதுக்கும் கையை நீட்டிப் பிடிக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். எங்க டவர் 26 மீட்டர் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்துக்கு அந்த கிரேனோட அட்டவணை தந்தது 2.6 டன்தான். கொக்கி, ஷேக்கிள், பெல்ட்டு எல்லாம் சேர்ந்து 0.4. மொத்தம் 1.8. தாராளம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

ரிக்கர் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன். ஐம்பது வயசிருக்கும். பெல்ட்டை எடுத்தா விரலால தடவித் தடவி, கிழிசல் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மாட்டுவார். பெல்ட்டுல கலரை வச்சே தாங்கற எடையைச் சொல்லலாம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. ஆனா அதையும் அப்படியே நம்பக்கூடாதுன்னு அன்னிக்குக் காலைலதான் சொல்லிக் கொடுத்தார். ரெண்டு டன்னை ரெண்டு பெல்ட்டுல தூக்கினா ஆளுக்கு ஒரு டன்தானே? இல்லை. பெல்ட்டு படுக்கை மட்டத்துல இருந்து 60 டிகிரில நின்னா ஒவ்வொண்ணுலயும் சுமார் 1.15 டன். 45னா 1.41. 30க்கு சாஞ்சா ஒவ்வொரு பெல்ட்டுலயும் முழுசா ரெண்டு டன்! "கயித்தை விரிக்க விரிக்க இழுப்பு கூடும் தம்பி. கொக்கி உசரமா இருக்கணும்."

எல்லாம் மாட்டியாச்சு. மேல இருந்து வாக்கி டாக்கில அவர் குரல். "தண்ணிய வடிச்சாச்சா தம்பி?"

"வடிச்சாச்சுண்ணே."

பிளம்பர் சொன்னதை நான் சொன்னேன். நான் போய்ப் பார்க்கலை.

ரெண்டு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம், "மேல வாங்க."

ஏழு மாடி ஏறிப் போனேன். ஏணில ஏறி உள்ள எட்டிப் பார்த்தா, அடித்தொட்டியில ஒரு அடிக்குத் தண்ணி. வால்வைத் திறந்துதான் வச்சிருந்தாங்க. வருஷக்கணக்கான சேறு குழாய் வாயை அடைச்சிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்க. தொட்டி 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 0.3 மீட்டர் ஆழம். 1.5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன். ஆக நான் 1.8 எழுதின இடத்துல நிஜ எடை 3.3. தாங்கறது 2.6.

கிரேன்ல அலாரம் இருக்கே, தானா நின்னுடாதான்னு நானும் அப்புறம் யோசிச்சேன். நின்னிருக்கலாம். ஆனா தண்ணி சும்மா இருக்காது. டவர் கொஞ்சம் சாஞ்சா மொத்தமும் அந்தப் பக்கம் ஓடும். ஓடினா இன்னும் சாயும். அலாரத்துக்கு அது தெரியாது.

பக்கெட்டும் சின்ன பம்ப்பும் வச்சு, சேத்தை வாரி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. கீழ இருந்து மேனேஜர் போன்ல காய்ச்சி எடுத்தார். அண்ணன் காதுலயே வாங்கலை. முடிச்சதும், அடி போல்ட் எல்லாம் கழண்டிருக்கான்னு மறுபடி சுத்திப் பார்த்தார். ஒரு போல்ட் துருப்பிடிச்சு நின்னா, கிரேன் இழுக்கறது டவரை இல்லை, கட்டடத்தை.

அப்புறம் ஒரு அடி மட்டும் தூக்கி நிறுத்தினார். ஒரு பக்கம் சாஞ்சது. இறக்கி, அந்தப் பக்கத்துப் பெல்ட்டைச் சரி பண்ணி, திரும்பத் தூக்கினார். மட்டமா எழும்பிச்சு. கீழே வழிக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர். ஒருத்தன் அன்னிக்குத்தான் முதல் முறையா இந்த வேலைக்கு வந்த பையன். என் கையெழுத்தை நம்பி நின்னவன். அதை நினைச்சா இன்னிக்கும் வயித்தைப் பிசையுது.

12.40க்கு ரோட்டைத் திறந்துவிட்டோம். டீ குடிக்கும்போது "சாரிண்ணே"ன்னேன். "கேட்லாக்கு புது டவருக்கு எழுதினது தம்பி. இது பழசு. நீங்க ஏறிப் பாத்திருக்கணும்"னு சொல்லிட்டு வடையைப் பிச்சார். அவ்வளவுதான். மேனேஜர்கிட்ட என்னைப் போட்டுக் கொடுக்கவே இல்லை.

அதுக்கப்புறம் எத்தனையோ பிளான்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏணில ஏறாம ஒண்ணுலயும் போட்டதில்லை.

டிஸ்கி: சித்தப்பா வீட்டு ஏசி, தளத்தோட சேர்ந்து நல்லா இருக்கு :)