பியானோ எங்கடா கமகம் போடுது?

ஜாஸ் பக்கமே போகாதவர்கள்கூட மைல்ஸ் டேவிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. ஜாஸ் ஆல்பங்களிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. அதன் முதல் பக்கம் முழுவதையும் 33 வருஷம் தப்பான சுருதியில் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும்.

நடந்தது இதுதான். நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30வது தெரு ஸ்டுடியோ. 1959 மார்ச் 2ந் தேதி முதல் ஒலிப்பதிவு. இரண்டு டேப் மெஷின்கள் ஓடின. ஒன்று மாஸ்டருக்கு, இன்னொன்று பாதுகாப்புக்கு. அன்றைக்கென்று பார்த்து மாஸ்டர் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பதிவான டேப்பைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். அரைக்கட்டைகூட இல்லை, அதைவிடக் குறைவு. ஆனால் ஏறிவிட்டது. அன்று பதிவான மூன்று உருப்படிகளும் முதல் பக்கத்துக்குப் போயின. ஏப்ரல் 22ந் தேதி பதிவான இரண்டாம் பக்கத்தில் பிரச்சினை இல்லை.

சும்மா கேட்பவர்களுக்கு இது தெரியாது. கூடவே வாசித்துப் பழக நினைத்தவர்களுக்குத்தான் உதைத்தது. முதல் பக்கத்துக்கு வாத்தியத்தை ஒரு மாதிரி சேர்க்கணும், தட்டைத் திருப்பினால் வேறு மாதிரி சேர்க்கணும். 1992ல் வந்த மறுபதிப்பில்தான் அந்தப் பாதுகாப்பு டேப்பை எடுத்துச் சுருதியைச் சரி செய்தார்கள். மைல்ஸ் டேவிஸ் 1991 செப்டம்பரிலேயே போய்விட்டார். கோல்ட்ரேன், பில் எவன்ஸ், கேனன்பால் ஆடர்லி, வின்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ் எல்லோரும் அதற்கு முன்பே. அந்த ஆல்பத்தில் வாசித்த ஏழு பேரில், சரியான சுருதியில் அது வெளிவந்தபோது உயிரோடு இருந்தவர் டிரம்மர் ஜிம்மி காப் ஒருவர்தான். (அவரும் 2020ல் காலமானார்.)

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. காரணம், என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

போன வருஷ லீவில் பெரியப்பா வீட்டு ரெக்கார்டு பிளேயருக்கு உயிர் வந்தது. புது பெல்ட், புது ஊசி. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஒரு பழைய பியானோ ஆல்பத்தின் மறுபதிப்பு எல்.பி. வாங்கினேன். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த அக்கா (பத்து வருஷமாக வயலின் கற்றுக்கொள்கிறாள்) இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுக் கேட்டாள்: "டேய், பியானோ எங்கடா கமகம் போடுது?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவுமே கேட்கவில்லை. பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம் அசையாமல் நிற்கணும். இங்கே அது மேலே போய்க் கீழே வந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே.

கொஞ்சம் கணக்கு. (பயப்படாதீர்கள், பத்தாங்கிளாஸ் கணக்குதான்.) எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டின் நடு ஓட்டை சரியான மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். ஊசி மையத்திலிருந்து 60 மி.மீ. தூரத்தில் இருக்கும்போது அந்தத் தூரம் 59.5க்கும் 60.5க்கும் இடையே ஆடும். வேகம் ஏறக்குறைய 0.8 சதவீதம் கூடிக் குறையும். ஓர் அரைக்கட்டை என்பது சுமார் 6 சதவீதம். ஆக, அரைக்கட்டையில் ஏழில் ஒரு பங்கு மேலே, அதே அளவு கீழே, 1.8 விநாடிக்கு ஒருமுறை. வெளி ஓரத்தில் இதே அரை மி.மீ.க்கு 0.35 சதவீதம்தான் ஆட்டம். அதனால்தான் முதல் பாட்டில் தெரியாதது கடைசிப் பாட்டில் வயிற்றைக் கலக்குகிறது. தட்டு சுற்றும்போது ஊசிக்கையைப் பக்கவாட்டில் பாருங்கள், ஊஞ்சல் மாதிரி ஆடினால் இதுதான் வியாதி.

கடைக்குப் போன் செய்தேன். "வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே தம்பி, உங்க பிளேயரைப் பாருங்க" என்றார் அண்ணன். பெரியப்பாவின் பழைய தட்டுகள் அதே பிளேயரில் ஆடாமல் ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். மாற்றுத் தட்டு வந்தது. அதிலும் முதல் பக்கம் ஆடியது, இரண்டாம் பக்கம் ஆடவில்லை. முந்தியதிலும் இதே கதைதான். எனக்குப் பொறி தட்டியது இங்கேதான்.

எல்.பி.யை அச்சடிக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உலோக அச்சு உண்டு, ஸ்டாம்பர் என்பார்கள். ஓட்டை மட்டும் தள்ளிப் போயிருந்தால் இரண்டு பக்கமும் ஆடணும். ஒரே பக்கம், இரண்டு பிரதியிலும் ஆடுகிறது என்றால் அந்தப் பக்கத்து ஸ்டாம்பரே மையம் தவறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒரு ஸ்டாம்பரில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் தட்டுகூட அடிப்பார்கள். அத்தனையிலும் அதே ஆட்டம் இருக்கும். அப்படியானால் 'வேற யாரும் சொல்லலை' என்பது தட்டு நல்லது என்பதற்குச் சாட்சி இல்லை. பாதிப் பேர் தங்கள் பிளேயரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், மீதிப் பேர் தங்கள் காதை. இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

அதற்காக ரசிகர் சொல்வதெல்லாம் வேதவாக்கா? அதுவும் இல்லை. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் 1936லும் 1937லும் 29 பாட்டுகள் பதிவு செய்தார். அவை எல்லாமே வேகமாக்கப்பட்டவை, இருபது சதவீதம் வரை குறைத்துக் கேட்டால்தான் அசல் குரல் என்று ஒரு கூட்டம் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறது. ஆனால் அந்தப் பதிவுகள் சான் அன்டோனியோ, டல்லாஸ் என்று இரண்டு ஊர்களில், ஏழு மாத இடைவெளியில் நடந்தவை. இரண்டு இடத்திலும் ஒரே அளவு தப்பு நேர்ந்திருக்கணும். நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மைல்ஸ் விஷயத்தில் பக்கத்திலேயே ஓடிய இன்னொரு டேப் இருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை. காது சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்ல இரண்டாவது சாட்சி வேண்டும். என் விஷயத்தில் பெரியப்பாவின் பழைய தட்டுகளும் அந்த மாற்றுத் தட்டும்தான் சாட்சி.

சாட்சி பலமாக இருந்தால் பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊரில் பி.டி.ஓ. என்ற சி.டி. தொழிற்சாலை. 1988க்கும் 1993க்கும் நடுவில் அங்கே அடித்த ஏராளமான சி.டி.க்கள் சில வருஷங்களில் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாற ஆரம்பித்தன. உறையில் வைத்த காகிதத்தில் இருந்த கந்தகத்தை, சி.டி.யின் மேல் பூசிய அரக்கு தாங்கவில்லை. உள்ளே இருந்த உலோகப் படலம் அரித்தது. முதலில் கடைசிப் பாட்டு கரகரக்கும், பிறகு சி.டி.யே ஓடாது. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லத்தான் இது தொழிற்சாலைக் கோளாறு என்று வெளிவந்தது. பி.டி.ஓ. ஒப்புக்கொண்டு பல வருஷம் மாற்று சி.டி. கொடுத்தது. ஹைபீரியன் மாதிரி இசை நிறுவனங்களும் தங்கள் பங்குக்கு மாற்றிக் கொடுத்தன.

ஒரு தட்டுக்கு இத்தனை அமர்க்களமா என்று அம்மா கேட்டாள். எனக்கு இது தட்டு விஷயம் இல்லை. அந்தக் கலைஞர் கட்டையை அமுக்கிய விதம் ஒன்று, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்று. நடுவில் யாரோ ஒருவர் ஓட்டையைச் சரியாகக் குத்தாததால், 'இவர் இப்படித்தான் வாசிப்பார் போல' என்று யாராவது ஒரு பையன் நினைத்துக்கொள்வான் அல்லவா? பதில் சொல்ல அவர் இப்போது உயிரோடு இல்லை. அவருக்காக வாங்கியவன்தான் பேசணும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் அந்த வருஷங்களில் இங்கிலாந்தில் அடித்த சி.டி.க்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடிப்பக்கம், நடு வளையத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில் பி.டி.ஓ. என்று இருக்கும். ஓரம் பழுப்பாகியிருந்தால் இன்றைக்கே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிடுங்கள். அடுத்த லீவு வரை தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள்.