50 மாநிலம்... 50 புத்தகம்!

விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். மாநிலத்துக்கு ஒரு புத்தகம் என அமெரிக்காவின் 50 மாநிலங்களையும் படித்தே சுற்றிவரும் சவால் ஒன்று உண்டு.

அலபாமாவுக்குப் பலரும் எடுப்பது, நிறவெறியால் நீதி தவறுவதைச் சொல்லும் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960). லீயின் சொந்த ஊர் மன்றோவில். அங்குள்ள பழைய நீதிமன்றம் இன்று அருங்காட்சியகம். ஊர்க்காரர்களே அந்தக் கதையை நாடகமாக நடித்துவருகிறார்கள்.

கலிஃபோர்னியாவுக்கு, ஜான் ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939). ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்புத் தேடி வரும் விவசாயக் குடும்பம் படும் பாடுதான் கதை. அந்தக் குடும்பம் வந்துசேரும் கெர்ன் கவுன்டியிலேயே, வெளியான ஆண்டே நூலகங்களில் தடை! 1941-ல்தான் நீக்கினார்கள்.

சுற்றுலா போனால், ஊர் காட்டுவதைப் பார்க்கலாம். ஊர் மறைக்க நினைத்ததைப் புத்தகம்தான் காட்டும்.