இல்லை என்று சொல்ல இடமிருந்தால்

2025 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஹோர்சன்ஸ் நகரில் நாங்கள் கோப்பை கழுவும் ரெஸ்ரோரண்டில் சனம் நிரம்பியிருந்தது. மெசினுக்குள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சித்தியிடமிருந்து ரெலிபோன் வந்தது. வேலை நேரத்தில் சித்தி ஒருபோதும் எடுப்பதில்லை.

"தம்பி, பிள்ளைக்கு ஆமியிலையிருந்து கடிதம் வந்திருக்கு."

சித்தியின் மகள் இங்கே பிறந்தவள், டெனிஷ் பிரஜை. ஆவணியில்தான் அவளுக்கு 18 வயது முடிந்தது. 2025 யூலை 1ஆம் திகதிக்குப் பின் 18 வயதை அடையும் பெண்களையும், ஆண்களைப் போலவே, கட்டாய இராணுவ சேவைக்கான சீட்டிழுப்புக்கு டென்மார்க் அழைக்கிறது. உக்ரைன் யுத்தத்தின் பின் இந்த நாடு மாறிக்கொண்டு வருகிறது. பாதுகாப்புச் செலவுக்குக் காசு தேடி, 2024இலிருந்து பெரும் பிரார்த்தனை நாள் விடுமுறையையே எடுத்துவிட்டார்கள்.

பின்னால் பிள்ளையின் சிரிப்புக் கேட்டது. "அம்மா, பெரிய நம்பர் வந்தால் விட்டிடுவினம். மனச்சாட்சிக்கு ஒத்துவராட்டி எழுதிக் குடுக்கலாம். வேறை வேலை தருவினம்."

"இல்லை எண்டு சொன்னால் விடுவினமோ?" என்று சித்தி அவளைக் கேட்டார். பிறகு எங்களைக் கேட்டார். பதில் சொன்ன பின்னும் இன்னொருமுறை கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

2003இல் வன்னியில் நாங்கள் படித்த பாடசாலையில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஒரு வருடம் கடந்திருந்தது. விடுதலையைத் தருவது போரா, பேச்சா என்பது தலைப்பு. போர் என்ற அணியில் நாங்கள் பேசினோம். 1958ஐச் சொன்னோம், தரப்படுத்தலைச் சொன்னோம், 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைச் சொன்னோம், 1983 யூலையைச் சொன்னோம். முடிவில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுத் தாயைக் கொண்டுவந்து நிறுத்தினோம். தன் வீட்டு ஆண்களைப் போரில் இழந்த பின்னும், பறை கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவிக் கையில் வேலைக் கொடுத்து அனுப்பியவள் அவள். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் எங்கள் தம்பி இருந்தான். வயது 12. எல்லோரிலும் கூடுதலான நேரம் கைதட்டியவன் அவன்தான்.

அன்று சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. இன்றும் பொய்யில்லை. இதை வாசிப்பவர்களில் பலர் அந்த நெருப்பிலிருந்து ஓடிவந்தவர்கள். அவர்களுக்கு அதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

2005இல் உயர்தரம் படிக்க நாங்கள் கொக்குவிலுக்கு, அம்மம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடப்பட்டது. அம்மாவும் அப்பாவும் தம்பியும் அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டோம். பாடக்குறிப்பை விட, யார் காணாமற்போனார்கள் என்ற விபரத்தைக் கூடுதலாகக் கேட்ட காலம் அது. படிப்பை முடிக்கவில்லை.

தம்பிக்கு 17 வயதானபோது வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தார்கள். அம்மா அவனை பங்கருக்குள் ஒளித்து வைத்தா. மேலே பலகை போட்டு, பலகைக்கு மேலே விறகு அடுக்கியிருந்தா. இரண்டு மாதம் அவன் இரவில் மட்டும் வெளியே வந்தான். 2008 ஐப்பசியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மா அவர்களின் காலில் விழுந்ததாகப் பின்னாளில் அப்பா சொன்னார். 2009 மாசியில் ஒருவர் அவனைச் சுதந்திரபுரத்தில் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

புறநானூற்றுப் பாட்டை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தது அதன் பிறகுதான். அந்தப் பாட்டில் மகன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்த மேடையில் நின்றபோது இது எங்களுக்குத் தோன்றவேயில்லை.

நாங்கள் 2011இல் டென்மார்க் வந்தோம். 1986இல் வந்த சித்தப்பா வீட்டில்தான் முதல் ஒரு வருடம். ஒருநாள் சித்தி தேநீர் ஊற்றிக்கொண்டு, எங்களைப் பாராமல், மெதுவாகக் கேட்டார்: "நாங்கள் அனுப்பின காசிலைதானோ தம்பியைப் பிடிச்சவை?" இறுதி யுத்தம் என்று சொல்லிக் கேட்டு வந்தவர்களுக்கு, பாங்கில் கடன் எடுத்துச் சித்தப்பா கொடுத்திருந்தார். எங்களிடம் பதில் இல்லை. காசு கொடுத்தவர்கள் அவர்கள். கைதட்டு வாங்கியவர்கள் நாங்கள்.

யுத்தத்துக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியை நாங்கள் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. அந்தத் தேநீர் மேசையிலிருந்து எடுத்தோம்.

சித்தப்பாவின் வாதம் எளிமையானது. "வேறை வழி இருந்ததோ?" 1956இலிருந்து சத்தியாக்கிரகமும் ஒப்பந்தமும் என்ன கண்டன என்று கேட்பார். அவரை மறுக்க எங்களால் முடியவில்லை. 1983இல் எரியும் வீட்டின் முன்னால் ஒருவன் தடியோடு நின்று கும்பலை மறித்திருந்தால், அவனைப் பிழை சொல்ல நாங்கள் யார்? ஆகவே எல்லா யுத்தமும் ஒன்றுதான் என்று சொல்லித் தப்பவும் நாங்கள் விரும்பவில்லை.

ஆனால் தொடங்கியதற்கு இருந்த நியாயம் நடந்தது எல்லாவற்றுக்கும் போர்வையாகுமா? எங்கள் கூத்துகளில் பாண்டவர் பக்கம்தான் தருமம். என்றாலும் துரோணரைக் கொல்லத் தருமன் பாதிப்பொய் சொன்னபோது, நிலத்தில் படாமல் ஓடிய அவன் தேர் நிலத்தில் இறங்கியது என்று கதை சொல்கிறது. அவன் தேரை யாரும் பிறகு மேலே தூக்கிவிடவில்லை. வென்ற பக்கத்தையும் கணக்குக் கேட்கத் தெரிந்த ஒரு மரபு எங்களிடம் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் மே 4ஆம் திகதி இரவு ஹோர்சன்ஸில் பல வீட்டு யன்னல்களில் மெழுகுதிரி எரியும். 1945இல் அந்த மாலையில்தான், ஜெர்மன் படை சரணடைந்தது என்று பி.பி.சி.யின் டெனிஷ் சேவை அறிவித்தது. ஹிட்லருக்கு எதிரான அந்தப் போருக்கு நியாயம் இல்லை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். 1943இல் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகில் ஏற்றிச் சுவீடனுக்குக் காப்பாற்றி அனுப்பிய சனம் இது. ஆனால் அதே ஆக்கிரமிப்புக் காலத்தில் காட்டிக்கொடுப்போர் என்று ஏறத்தாழ 400 பேரை எதிர்ப்பியக்கம் விசாரணையின்றிச் சுட்டது. அவர்களில் குற்றமற்றவர்களும் இருந்தார்கள். எங்களோடு வேலை செய்யும் வயதான டெனிஷ் சமையற்காரர், தன் பாட்டனார் யன்னலில் திரி ஏற்றுவார், அந்த 400 பேரைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார் என்று சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. போரின் கடைசி மாதங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் அகதிகள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். 1945இல் மட்டும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் நோயிலும் பட்டினியிலும் செத்தன. பல தசாப்தங்களாக இந்த நாடு அதைப் பற்றிப் பேசவில்லை. இன்று பள்ளிப் பிள்ளைகளும் அதைப் படிக்கலாம். மிகப் பெரிய முகாம் இருந்த ஓக்ஸ்பூலில் 2022இல் அகதிகளுக்கென ஒரு நூதனசாலை திறந்தார்கள். அதனால் மே 4 திரிகள் அணைந்துவிடவில்லை.

நாங்கள் கார்த்திகை 27இல் விளக்கேற்றுகிறோம். எங்கள் தம்பிக்கும் ஏற்றுகிறோம். ஆனால் அவன் விரும்பிப் போகவில்லை என்பதை அந்த மண்டபத்தில் உரத்துச் சொல்ல முடியாது. கேள்வி கேட்டவர்களுக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும். "முறிந்த பனை"யை எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் 1989 செப்டெம்பர் 21இல் சுடப்பட்டார். ஷெல்லடிக்கு "மனிதாபிமான நடவடிக்கை" என்று பெயர் வைத்தது கொழும்பு. தப்பியோடிய சொந்தச் சனத்தைச் சுட்டது புலிகளின் பக்கம். இறுதி மாதங்களில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று சொன்ன 2011இன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையில் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எங்களவர் தமக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் வாசித்தார்கள். சிங்களவரும் அப்படித்தான்.

இவ்வளவு காலம் யோசித்ததில் எங்களுக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். ஒரு போருக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் அனுப்பப்படுபவன் "மாட்டேன்" என்று சொல்ல இடமில்லாத போரில், வீட்டிலிருப்பவள் "ஏன்" என்று கேட்க இடமில்லாத போரில், அந்த நியாயம் உள்ளே இருந்தே உக்கிப்போகிறது. எதிரி வந்து அதை அழிக்கத் தேவையில்லை.

டென்மார்க் 1917இலேயே மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் மறுப்பவருக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. அதற்காக இந்த நாடு செய்யும் யுத்தமெல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆனால் எங்கள் தம்பிக்கு அந்த ஒரு வசனம் கிடைத்திருந்தால் போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனோம். பிள்ளை கடிதத்தைக் காட்டினாள். "அண்ணா, நீங்கள் என்ன நினைக்கிறியள்? போறது சரியோ, பிழையோ?"

16 வயதில் இந்தக் கேள்விக்கு எங்களிடம் அரைமணி நேரப் பேச்சு இருந்தது. இப்போது கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நீதான் யோசிச்சுச் சொல்லவேணும்" என்றோம். "ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி. ஓம் எண்டு போனாலும் பிறகும் கேள்வி கேள்."

சித்தி எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நாங்களும் போய், அவர் கழுவி வைத்த கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினோம்.