இரண்டு மணித்தியாலம்

2018 ஆம் ஆண்டுத் தீபாவளியை மதுரையில் ஒரு நண்பர் வீட்டிற் கழித்தேன். வெடி கொளுத்த நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலமே உரியதென இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு விதித்திருந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 எனத் தமிழக அரசு அதனைப் பகுத்தது. ஏழரை மணிக் காலையில் தெருவில் ஒரு காவலர் வந்தார். நண்பரின் மகன் சரவெடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சிரிப்புத்தான் வந்தது, ஆயினும் நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் இவ்விதி நல்லதே.

இரண்டு நாள் கழித்துச் சிவகாசி சென்றேன். ஆலைகள் மூடிக் கிடந்தன. தேநீர்க் கடையிற் கண்ட தொழிலாளிப் பெண்ணின் நகக்கண்களில் அலுமினியத் தூள் இன்னும் சாம்பலாய்ப் படிந்திருந்தது. ஒரு கொட்டகையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாதென்பதும் விதிதான். 2012 செப்டெம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் வெடியிற் கருகி மாண்ட மண் அது.

“உங்கள் கொட்டகையில் எத்தனை பேர், அம்மா?”

“தீபாவளி நெருங்குனா ஏழெட்டுப் பேரு இருப்போம், ஐயா. எண்ணிக்கைக்குத்தானே கூலி.”

“யாரும் வந்து பார்ப்பதில்லையா?”

அவர் அதற்கு விடை கூறவில்லை. பேரியம் கூடாதென்று நீதிமன்றம் சொன்னதாமே, இனி ஆலையைத் திறப்பார்களா என்று என்னைக் கேட்டார்.