டொரான்டோ, வழி: நங்கநல்லூர்

பிரசவம் பார்க்க வெளிநாடு போகிற அம்மாக்களின் பெட்டியில் எல்லாம் இருக்கும். பிரசவ லேகியம், பூண்டு, சாம்பார்ப் பொடி, வடாம், பேரப்பிள்ளைக்கு வசம்பு வளையல். பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்தே இருபத்து மூன்று கிலோ என்று சொல்லிவிடுவார்கள். ஏர்போர்ட் தராசும் அதையே சொல்லும். ஆனால் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாத சாமான் ஒன்று உண்டு. ராத்திரி எட்டு மணி சீரியல்.

சிரிக்காதீர்கள். கடைசி ஓவரில் ஆறு ரன் தேவைப்படும்போது டிவியில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் நீங்கள் என்ன பாஷை பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவரவர் கஷ்டம் அவரவருக்கு.

2025 ஜனவரியில் அம்மா, தங்கையின் பிரசவத்துக்காக டொரான்டோ போனார். அப்பாவும் நானும் நங்கநல்லூரில். என் பெற்றோர் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற விஷயங்கள் மொத்தம் மூன்று: கரண்ட் பில், என் கல்யாணம், எட்டு மணி சீரியல். முதல் இரண்டும் சண்டையில் முடியும். அம்மா போன பிறகு தினசரி போன் இப்படித்தான் நடந்தது:

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ம்."

"அங்க குளிரா?"

"மைனஸ் பதினஞ்சாம்."

"சரி, வெச்சுடறேன்."

நாற்பத்தோரு வருஷ தாம்பத்தியம், நாற்பது செகண்டில் முடிந்தது. போனை வைத்துவிட்டு அப்பா சீரியல் பக்கம் திரும்புவார். பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லாததால் வில்லியைத் திட்டக்கூட அவருக்கு உற்சாகம் இல்லை.

நம் எட்டு மணி என்பது குளிர்கால டொரான்டோவில் காலை ஒன்பதரை. பேரன் குளித்துவிட்டுத் தூங்குகிற, பாட்டிக்குத் தோதான நேரம். அப்பா சந்தா கட்டுகிற ஆப்பை அங்கே திறந்தால் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்றது. ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார்கள். நீங்கள் எந்த நாடு என்பதை ஐ.பி. முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். எனவே மாப்பிள்ளை ஒரு வி.பி.என். போட்டார்.

வி.பி.என். என்பது சுரங்கப்பாதை. டொரான்டோவில் நுழைந்து, இந்தியா என்று பெயர்ப்பலகை மாட்டிய இடத்தில் வெளியே வரலாம். உள்ளே போகிற சரக்கையெல்லாம் பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். சீரியல் வந்தது. கூடவே வட்டமும் வந்தது.

மாமியார் கை ஓங்குவாள். வட்டம். இங்கே கேபிளில் பார்த்துவிட்ட அப்பா, "அறைஞ்சுட்டா பார்த்தியா!" என்பார் போனில். அங்கே கை இன்னும் அந்தரத்தில்தான் இருக்கும். "கதையைச் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" டொக். முன்பு கிடைத்த நாற்பது செகண்டும் போச்சு.

"கிகாபிட் பிளானுக்கு மாறிடலாமா மச்சான்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. டாலரில் யோசிக்கிறவர்.

"பொறுங்க மாப்பிள்ளை. அடைப்பு எங்கேன்னு பார்ப்போம்" என்றேன். மொட்டை மாடியில் பெரிய டேங்க் கட்டினால் அடைத்த குழாயில் தண்ணீர் வந்துவிடுமா?

"சீரியல் பார்க்க எத்தனை எம்.பி.பி.எஸ். வேணும்?" என்று அப்பா கேட்டார்.

"ஐந்து போதும்பா."

"ஒரு எம்.பி.பி.எஸ். சேர்றதுக்கே இங்க அவனவன் நீட்டு எழுதிட்டிருக்கான்."

ஐந்து போதும் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்கிற கணக்கு: முழு ஹெச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே-வுக்கு 15. தங்கை வீட்டு இணைப்போ 300. அப்படியானால் மீதி 295 எங்கே போகிறது? அம்மாவையே டெக்னீஷியனாக நியமித்து, வாட்ஸப் வீடியோ காலில் துப்பறிய ஆரம்பித்தேன்.

முதல் விதி: எந்தக் கருவியில் பார்க்கிறீர்களோ அந்தக் கருவியிலேயே வேகத்தை அளக்க வேண்டும். ரவுட்டர் பக்கத்தில் போனை வைத்து அளந்துவிட்டு 'சூப்பர் ஸ்பீடு' என்பது, சமையலறை வாசனையை வைத்துப் பந்தி வயிற்றைக் கணக்கிடுகிற மாதிரி. அம்மாவின் டிவி பேஸ்மென்ட்டில் இருந்தது. ரவுட்டர் இரண்டு தளம் மேலே. டிவிக்குப் பின்னால் செருகியிருக்கும் ஸ்டிக்கில் வி.பி.என்.னை அணைத்துவிட்டு அளந்தால் 22. போட்டு அளந்தால் 3. ஆக இரண்டு அடைப்பு. ஒன்று வீட்டுக்குள்ளே, ஒன்று சுரங்கத்திலே.

வீட்டு அடைப்பை அம்மாவே கண்டுபிடித்தார். "டேய், நான் பால் சூடு பண்றப்பதான் இவ ரொம்ப நிக்கறா." நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். பழைய வகை வைஃபை ஓடுவதும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். அடுப்பிலிருந்து கசிகிற துளி அலை போதும், பக்கத்தில் இருக்கிற வைஃபை திணறும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். இரண்டு தளம் இறங்கி வராது.

பழைய வைத்தியம்தான் கடைசியில் பலித்தது: ஒயர். ஸ்டிக்குக்கு ஈதர்நெட் அடாப்டர் ஒன்று விற்கிறார்கள். நூறுக்கு மேல் போகாத சாதா அடாப்டர். நமக்குத் தேவை ஐந்து. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டு ஓரமாக ஒயர் இழுத்தார். வி.பி.என். இல்லாமல் 90! வி.பி.என். போட்டால் 7. வட்டம் குறைந்தது, ஆனால் போகவில்லை.

அடுத்தது சுரங்கம். வி.பி.என். ஆப்பின் செட்டிங்ஸில் 'புரோட்டோகால்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. அங்கே ஏதோ பழைய முறை, டி.சி.பி. வழியில் ஓடிக்கொண்டிருந்தது. டி.சி.பி. என்பது நம் ரிஜிஸ்தர் தபால் மாதிரி (2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே, அதுதான்). அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 'கிடைத்தது' என்று அத்தாட்சி வர வேண்டும். வீடியோ ஏற்கெனவே அத்தாட்சியோடு வருகிறது. அதைச் சுரங்கத்துக்குள் இன்னொரு அத்தாட்சியோடு அனுப்பினால்? வழியில் ஒரு கவர் தொலைந்தால் இரண்டு குமாஸ்தாக்களும் வேலையை நிறுத்திவிட்டு அதையே தேடுவார்கள். ஆபீஸில் பார்த்திருப்பீர்கள்.

மாற்று, ஒயர்கார்ட். ஜேசன் டோனன்ஃபெல்ட் என்பவர் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்த்துக்கொண்டார்கள். மொத்தம் சுமார் 4,000 வரி நிரல்தான். லேசில் யாரையும் பாராட்டாத லைனஸ் டோர்வால்ட்ஸ் 2018-லேயே இதைக் கலைப்படைப்பு என்று புகழ்ந்தார். இது யு.டி.பி.யில் ஓடுகிறது, அதாவது அத்தாட்சி கேட்காத சாதாத் தபால். பூட்டுப் போடுகிற வேலையும் லேசு. டிவிக்குப் பின்னால் இருக்கிற குட்டி ஸ்டிக்கின் மூளைக்கு அது ரொம்ப முக்கியம். மாற்றினோம். 7 என்பது 24 ஆயிற்று. ஆனால் சில நாள் 24, சில நாள் 4.

கடைசி மர்மம், இந்தப் பெயர்ப்பலகை. 2022 ஏப்ரலில் நம் மத்திய அரசின் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று. பல வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. அதற்குப் பிறகு ஆப்பில் 'இந்தியா' என்று தெரிகிற சர்வர் உட்கார்ந்திருப்பது, பல சமயம் சிங்கப்பூரில். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். சீரியல் இந்தியாவிலிருந்து கிழக்கே போய், அங்கே ஆயிரம் பேரோடு வரிசையில் நின்று, அப்புறம் டொரான்டோ போகிறது. தி.நகரிலிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்குத் தாம்பரம் வழியாகப் போகிற ஆட்டோ.

கண்ணாடி இழையில் வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கட்டினாலும் அதை முடுக்க முடியாது. வழியை வேண்டுமானால் சுருக்கலாம்.

சுருக்கினேன். பரணில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, லினக்ஸ் போட்டு, டெயில்ஸ்கேல் ஏற்றினேன். உள்ளே ஓடுவது அதே ஒயர்கார்ட்தான். சொந்த உபயோகத்துக்கு இலவசம். நம் வீட்டு லேப்டாப்பையே சுரங்கத்தின் வெளிவாசலாக வைத்துக்கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது வீட்டு இணைப்பின் டவுன்லோடு இல்லை, அப்லோடு. எங்கள் ஃபைபரில் இரண்டும் நூறு. டொரான்டோ ஸ்டிக்கிலும் அதே ஆப்பைப் போட்டோம். வேகம் 18. தினமும் 18. ஏனென்றால் அந்தச் சுரங்கத்தில் போகிற ஒரே பயணி என் அம்மா.

இரண்டு எச்சரிக்கை. இந்தியாவிலோ கனடாவிலோ வி.பி.என். வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் வி.பி.என். கூடாது என்று விதி வைத்திருக்கிற ஓ.டி.டி.க்கள் உண்டு. சந்தா கட்டுவது நாமே ஆனாலும் கதவைச் சாத்த அவர்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று, ஓசி வி.பி.என். பக்கமே போகாதீர்கள். சுரங்கம் வைத்திருக்கிறவனுக்கு யார் எங்கே போகிறார்கள் என்று தெரியும். காசு வாங்காதவன் வேறெதையாவது விற்றுத்தானே ஆக வேண்டும்?

லைவ் ஒளிபரப்பு, ஆப்பில் எப்படியும் அரை நிமிஷம் பின்தங்கித்தான் வரும். அதற்கு டெக்னாலஜியில் மருந்தில்லை. எனவே விளம்பர இடைவேளையில் மட்டும் போன் என்று சட்டம் போட்டேன். இப்போது சோப்பு விளம்பரம் வந்ததும் அப்பா டயல் செய்கிறார். வில்லியைத் திட்டுகிறார்கள். பிறகு பேரனுக்குச் சளி, எதிர்வீட்டு வாழைக்குலை, அப்பாவின் பிரஷர் மாத்திரை எல்லாம் வருகிறது. சீரியல் முடிந்த பின்னும் பேச்சு ஓடுகிறது. நாற்பது செகண்ட் எப்போது நாற்பது நிமிஷமானது என்று நான் கவனிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. நங்கநல்லூரில் கரண்ட் போனால் டொரான்டோவில் சீரியல் நின்றுவிடுகிறது. போன வாரம்கூட நின்றது. உடனே அம்மாவின் போன் வந்தது: "என்ன, அங்க கரண்ட் இல்லையா? இருட்டுல நடக்காதீங்க. டார்ச் பூஜை அலமாரில இருக்கு."

"ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் சின்னதா ஒரு யு.பி.எஸ். வாங்கிடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

டார்ச்சைத் தேடிக்கொண்டே அப்பா சொன்னார்: "எதுக்குடா வீண் செலவு? கரண்ட் போனா அவளே போன் பண்றா."