ஜுரம்

பீட்டர் தங்கராஜை நான் நேரில் பார்த்ததில்லை. இருந்தும் ஏற்காட்டில் என் பால்யத்தை ஆண்டவர் அவர்தான். செகந்திராபாத்தில் ஆடிப் பழகிய தமிழர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு சென்டர் பார்வர்டாகப் போனவர் கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றுவிட்டார். கோல் போடப் போனவன் கோலைத் தடுக்கிறவனாகிவிடுவதில் உள்ள விசித்திரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்திலும் அவர்தான் கோல்கீப்பர்.

எங்கள் மைதானம் சரிவின் விளிம்பில் இருந்தது. கோலைத் தாண்டிய பந்து காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடையில்தான் போய் நிற்கும். இறங்கி எடுத்து வர யாருக்கும் இஷ்டமில்லை. அப்படித்தான் நான் கோலியானேன். தங்கராஜைப் போல உயரம் என்ற காரணத்தைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டேன்.

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம், எதிரே தென் கொரியா. தங்கராஜ் ஜுரத்தில் விழுந்திருந்ததால் முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் நின்றிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் மறுபடி தங்கராஜை இறக்கினார். மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஜர்னைல் சிங் ஒன்று. கொரியா ஒன்றைத் திருப்பியது கடைசியில்தான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சேலம் பஸ்ஸில் வந்த பேப்பரில் இதைப் படித்தேன். தங்கராஜ் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினேன்.

அடுத்த மாதம் சேலத்திலிருந்து ஒரு டீம் மலையேறி வந்தது. பெரிய பையன்கள். காலையிலேயே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "தங்கராஜுக்கே ஜுரம் வந்துச்சேம்மா" என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பதில் நின்றவன் ஒரு வகுப்பு கீழே படித்த, காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர் மகன். அதற்கு முன் கோலில் நின்றதே இல்லை. கூச்சல் வீடு வரை கேட்டது. எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஆறு.

2008இல் தங்கராஜ் இறந்த செய்தியைப் படித்தபோது முதலில் நினைவில் வந்தவர் பர்மன். அவர் படத்தை நாங்கள் யாரும் ஒட்டவில்லை.

அந்தப் பையன் மறு வருஷம் பள்ளிக்கு வரவில்லை, பழம் பறிக்கப் போய்விட்டான். வழியில் பார்த்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பான்: "காச்சல் நின்னுருச்சுங்களாண்ணா?" கேலியா என்று முகத்தைப் பார்ப்பேன். ஒருநாளும் பிடிபடவில்லை.