ஸ்பானிஷ் வினைகளுக்கு ஒரு பூட்ஸ்

ஸ்பானிஷ் கற்கும் நண்பர்களுக்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு நினைவு உத்தி.

'போதேர்' (முடிதல்) வினையின் நிகழ்கால வடிவங்களை இரண்டு பத்திகளாக எழுதுங்கள். இடப்பக்கம் ஒருமை: புவேதோ, புவேதெஸ், புவேதே. வலப்பக்கம் பன்மை: போதேமோஸ், போதேயிஸ், புவேதென். 'புவே' வரும் நான்கையும் சுற்றிக் கோடு போட்டால் ஒரு பூட்ஸ் தெரியும்! தோர்மீர் (உறங்குதல்), கெரேர் (விரும்புதல்) இரண்டிலும் உயிரொலி மாறுவது இதே பூட்ஸுக்குள்தான்.

காரணமும் அழகானது. அழுத்தம் வினையடியில் விழும்போதுதான் உயிரொலி மாறும். 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்களில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் மாறாது. படத்தோடு காரணத்தையும் படித்தால் மறக்கவே மறக்காது.

வந்தேன், வந்தாய் என விகுதியிலேயே ஆளைச் சொல்லிப் பழகிய நமக்கு இது நிச்சயம் கைவரும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.